நாவலர் பெருமான் நாட்டிய நிலையங்கள்

சங்கம் தொடங்குவது எளிது. நல்ல நாள் பார்த்து, குத்துவிளக்கேற்றி, தேவாரம் ஓதி, தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என மூவரைத் தெரிந்தெடுத்துவிட்டால் சங்கம் பிறந்துவிடும். மூன்றாம் ஆண்டிலும் அது கூட்டம் கூடுமா என்பதே கேள்வி. சிலாபம், முன்னேசுவரம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீளும் நமது கரையோரத்திலே ஆரவாரமாகத் தொடங்கி, பெயர்ப்பலகையின் வண்ணம் மங்குமுன்னே கதவடைத்த வாசிகசாலைகளையும் சபைகளையும் பெரியோர் பலர் எண்ணிச் சொல்ல வல்லவர்கள். வாலிபர்களுக்கு ஊக்கம் இல்லை என்று அவர்கள் குறைப்படுவதுண்டு. ஊக்கம் மட்டும் குறைவென்று நாம் எண்ணவில்லை. கரைவலை இழுப்பவருக்கு இது தெரியும். நாற்பது பேர் பலங்கொண்டு இழுத்தாலும் இரு கயிறும் ஒத்து வராவிட்டால் மீன் தப்பிவிடும். அம்பாப் பாட்டு எழுந்ததே அந்த ஒத்திசைவுக்காகத்தான்.

இந்த எண்ணத்தோடுதான் நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம். அவரது வசனநடையைப் புகழ்வோரும், பதிப்புப் பணியை ஆராய்வோரும், கண்டன வன்மையை வியப்போரும் பலர். தனி மனிதர் ஒருவர், அரசாங்க அதிகாரமும் பெருஞ்செல்வமும் இன்றி, தாம் மறைந்த பின்னும் நிற்கத்தக்க நிலையங்களை எப்படி நாட்டினார், எவற்றை நாட்ட முடியாமற் போனார் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசிப் புதல்வராக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் நாடகங்கள் இயற்றிய தமிழறிஞர். பிள்ளைப் பருவத்திலேயே தந்தையை இழந்த ஆறுமுகத்தைத் தமையனார் படிக்கவைத்தார். சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். பின்பு மெதடிஸ்த மிஷனாரின் ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்து, அங்கேயே ஆசிரியரானார். பாடசாலையை நடத்திய பேர்சிவல் பாதிரியார் அவரது தமிழ்ப் புலமையை அறிந்து, விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலைக்கு அவரைத் துணையாகக் கொண்டார். விபூதி தரித்துக்கொண்டே அவர் அந்த வேலையைச் செய்து முடித்தார். மொழிபெயர்ப்பின் தகுதியை நிலைநாட்டச் சென்னைக்கும் பாதிரியாரோடு சென்று வந்தார்.

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஷன் பாடசாலையில் நாவலர் கழித்த ஆண்டுகள் வீணாகவில்லை. மாணாக்கரை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பது, நேரம் வகுத்துப் படிப்பிப்பது, வயதுக்கேற்ற பாடநூல் வைத்திருப்பது, அச்சுக்கூடத்தைப் பள்ளியோடு இணைப்பது ஆகிய இவையெல்லாம் அவர் அங்கே நேரிற் கண்டவை. நமது பழைய திண்ணைப் பள்ளியிலே ஆழமான கல்வி இருந்தது. ஆனால் அந்தக் கல்வி ஆசிரியர் ஒருவரின் ஆயுளோடு கட்டுண்டு கிடந்தது. அவர் நோயுற்றால் பள்ளி நின்றது. அவர் மறைந்தால் பள்ளி மறைந்தது. மிஷனாரின் பள்ளியோ ஒரு துரை கப்பலேறிப் போனால் இன்னொரு துரை வந்து நடத்தத்தக்கதாக அமைந்திருந்தது. நாவலர் அவர்களுடைய சமயத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய ஒழுங்கை ஏற்றார். எதிர்த்து நின்றவரிடமிருந்து கற்கத்தக்கதைக் கற்றுக்கொள்ள அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்து அவர் செய்தவற்றின் வரிசை நமக்கு மிகவும் முக்கியமானது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே தமது முதற் சமயப் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவர் பேர்சிவலிடம் வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. கோயிலில் அதுவரை புராணம் படித்துப் பொருள் சொல்லும் வழக்கமே உண்டு. விக்கிரக வழிபாடு, திருவிழா, விபூதி, உயிர்க்கொலை, கள்ளுண்ணல் என ஒவ்வொரு பொருளையும் எடுத்துக்கொண்டு மக்களுக்கு விளங்க உரைப்பது புதிது. அவருடைய நண்பர் கார்த்திகேய ஐயரும் அதிலே பங்குகொண்டார். ஏழெட்டு மாதம் இவ்வாறு நடந்தபின், 1848 ஆகஸ்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. அதன் பின்னரே, செப்டெம்பரில், மிஷன் வேலையைத் துறந்தார்.

முதலிற் கேட்பவர்களைச் சேர்த்தார். பிள்ளைகளை அனுப்பத்தக்க குடும்பங்கள் ஆயத்தமான பின்பே பள்ளியைத் திறந்தார். பள்ளி நடக்கும் என்று கண்டபின்பே சம்பளத்தை விட்டார். நாம் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலிற் கட்டடத்துக்கு அத்திவாரம் போடுகிறோம். பிறகு அங்கத்தவர்களைத் தேடுகிறோம். நூல்களும் வேலைத்திட்டமும் பின்னால் வரும் என்று விட்டுவிடுகிறோம். அவை வருவதில்லை.

பள்ளிக்கு முதல் வேண்டியது ஆசிரியர். சம்பளம் கொடுக்க வழியில்லை. நாவலர் தம்மிடம் உயர்ந்த நூல்களைக் கற்ற மாணாக்கர்களையே கீழ்வகுப்புகளுக்கு ஆசிரியர்களாக அமர்த்தினார். அவர்கள் ஊதியமின்றிப் படிப்பித்தார்கள். கைம்மாறாக அவரிடம் தாங்கள் கற்றார்கள். இலவச உழைப்பு என்று மட்டும் இதைக் கொள்ளலாகாது. பத்து ஆண்டில் அப்பள்ளியே தனக்குரிய ஆசிரியர்களை விளைத்துக்கொள்ளும் நிலமாயிற்று. நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை முதலானோர் இப்படி உருவானவர்களே. தலைவர் ஒருவர் தம் கையாலே எல்லாவற்றையும் செய்யும் சங்கம், அவர் கை ஓய்ந்த அன்று ஓய்ந்துவிடும். நாவலர் திருமணம் செய்யாது, குடும்பப் பொருளை நாடாது வாழ்ந்த ஒருவர்; எல்லாவற்றையும் தாமே செய்யும் ஆசை அவருக்கு எளிதில் வந்திருக்கலாம். கண்டிப்பும் முன்கோபமும் உடையவர் என்றும் அவர் வரலாறு எழுதினோர் மறைக்கவில்லை. அப்படிப்பட்டவர் பிறர் கையிலே வேலையை ஒப்படைக்கப் பழகினார் என்பதுதான் நமக்கு வியப்பு.

இரண்டாவது தேவை பாடநூல். ஏட்டுச்சுவடியை வைத்து ஐம்பது பிள்ளைகளுக்குப் படிப்பிக்க முடியாது. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சதாசிவப்பிள்ளையோடு தமிழகம் சென்றார். அந்தப் பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். பட்டத்தோடு அச்சியந்திரமும் வந்தது. அது வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலை என்னும் பெயரால் நிலைபெற்றது. பாலபாடம் முதற்புத்தகமும் இரண்டாம் புத்தகமும் 1850, 1851ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. சிறு வாக்கியம், தெளிந்த நடை, சந்தி பிரித்த சொற்கள், நிறுத்தக் குறிகள் என ஒரு பிள்ளை தானே வாசித்து விளங்கத்தக்க தமிழை அவர் அமைத்தார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கினார். இலக்கணச் சுருக்கம், சைவ வினாவிடை ஆகியவை பின்வந்தன. வினாவிடை என்னும் முறையும் மிஷனாரிடம் வழங்கியதே; அதிற் சைவசித்தாந்தத்தை வைத்து நம் பிள்ளைகள் கையிற் கொடுத்தார்.

பாலபாடம் யாழ்ப்பாணத்தில் மாத்திரம் நிற்கவில்லை. நாவலரை நேரிற் கண்டிராத ஆசிரியர்கள், அவர் காலடி படாத ஊர்களிலே, தலைமுறை தலைமுறையாக அதைப் படிப்பித்தார்கள். எமது கரையோரத்து முதியோர் சிலரும் அதிலே எழுத்துக் கற்றவர்கள். ஒரு பள்ளி எட்டாத இடத்துக்குப் பள்ளியின் புத்தகம் எட்டியது. பாட ஒழுங்கு ஆசிரியர் மனத்தில் மட்டும் இராமல் தாளிலே அச்சேறியிருந்தமையால், பள்ளியை நடத்த ஒரு நாவலர் வேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்த நல்லாசிரியர் ஒருவர் போதும்.

இடையே ஒரு சிறு செய்தி. அதே காலத்திலே, நமது கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்திலே தொகுத்துத் தமிழ் புளூராக் என்னும் நூலாக 1859இல் வெளியிட்டார். அவர் கிறிஸ்தவர், அரசாங்க உத்தியோகத்தர். வழி வேறாயினும், சிதறிக் கிடந்ததைச் சேர்த்து அச்சேற்றிவிட வேண்டும் என்ற கவலை இருவருக்கும் ஒன்றே. நமது மாவட்டத்து வாலிபர்கள் அவர் பெயரையும் மறவாதிருப்பது நன்று.

1860இல் நாவலர் தமிழகத்துச் சைவர்களுக்கு ஒரு விக்கியாபனம் வெளியிட்டு, சிதம்பரத்திலே வித்தியாசாலை நிறுவும் எண்ணத்தை அறிவித்தார். 1864இல் அது நிறைவேறியது. சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சுக்கூடம் ஏற்பட்டது. இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவரின் பொருளுதவியால் திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை முதலியவை பிழை நீக்கி அச்சாயின. ஒரு வேலைக்கு இன்ன பொருள் வேண்டும், அது இன்னதற்கே செலவாகும் என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்பது அவர் வழக்கம். நாம் நன்கொடைச் சீட்டோடு வீதியில் இறங்கும்போது, எதற்கென்று கேட்டால் சங்க வளர்ச்சிக்கென்று பொதுவாகச் சொல்லி நிற்கிறோம். கொடுப்பவர் முகம் ஏன் சுருங்குகிறது என்பது விளங்காதிருக்கிறது.

எல்லாம் வெற்றியாயிற்று என்று எழுதினால் அது புராணமாகும், வரலாறாகாது.

1872இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை என்னும் பெயரால் ஆங்கிலப் பாடசாலை ஒன்றை நாவலர் தொடங்கினார். உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்துக்கு மிஷன் பள்ளியை நாட வேண்டும். அங்கே சமயம் போய்விடும். இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். தேவை உண்மையானது. ஆயினும் நான்கு ஆண்டில், 1876இல், பணமுடையால் பள்ளி மூடப்பட்டது. தமிழ்ப் பள்ளி நின்றது, ஆங்கிலப் பள்ளி நிற்கவில்லை, நடத்தியவர் ஒருவரே. ஏன் இந்த வேறுபாடு? தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியரை அவரே உருவாக்கினார். ஆங்கிலப் பள்ளிக்கு ஆசிரியரை விலை கொடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பள்ளிக்கு நூல் அவருடைய அச்சுக்கூடத்திலேயே பிறந்தது. ஆங்கிலப் பள்ளிக்கு எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். தமிழ்ப் பள்ளி இருபது ஆண்டு தன் காலிலே நின்றபின் 1870இல் அரசாங்க நன்கொடை பெற்றது. புதிய பள்ளிக்கு அத்தனை காலம் பொறுத்திருக்க வலுவில்லை. போட்டியாக நின்ற மிஷன் பள்ளிகளுக்கோ கடல் கடந்த சங்கங்களின் பணம் இருந்தது. ஒரு நிலையத்தின் வேர் தன் மண்ணிலேயே நீர் எடுக்கிறதா, வண்டியிலே கொண்டுவந்து ஊற்ற வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமைகிறது என்று நாம் கருதுகிறோம்.

கோயிற் சீர்திருத்தத்திலும் அவர் எண்ணியது முற்றாகவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே ஆகமத்துக்கு மாறானவை நடக்கின்றன என்று எழுதினார். கோயில் அதிகாரிகளோடு நெடுநாள் வாதிட்டார். மூலத்தானத்திலே வேலை வைத்து வழிபடுவதையும் அவர் ஒப்பவில்லை. இன்றைக்கும் அங்கே வேலே வழிபடப்படுகிறது. அவர் தொடங்கிய பள்ளியிலே அவர் சொல் நின்றது. பிறர் கையிலிருந்த கோயிலிலே, சொல் எவ்வளவு கூர்மையானதாயினும், நிற்கவில்லை. திருக்கேதீச்சரமோ வேறு விதம். நமது வடக்கே மன்னார்க் கரையிற் பாழடைந்து கிடந்த அத்தலத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று 1872இல் சைவ மக்களுக்கு அவர் விண்ணப்பித்தார். வாழ்நாளில் அதைக் காணவில்லை. 1893இல் சைவர்கள் அந்நிலத்தை வாங்கினார்கள். 1948இன் பின் பெருந்திருப்பணி தொடங்கிற்று. 1976இல் கும்பாபிஷேகம் நடந்தது. விண்ணப்பம் எழுதியது முதல் நூற்று நான்கு ஆண்டு.

1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தன. நாவலர் செல்வர்களிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அரசாங்க ஏசண்டர் துவைனந்துரையின் நிருவாகக் குறைகளை அஞ்சாது எழுதினார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்துக்கு வந்து பழகியவர்கள், பள்ளியிலே படித்தவர்கள், அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் என ஒருவரையொருவர் நம்பிப் பழகிய ஒரு கூட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. பஞ்சம் வந்தபின் கூடியிருந்தால் பெயர்ப் பதிவுக்கே ஒரு மாதம் சென்றிருக்கும்.

இனி, மறைக்கக் கூடாத ஒன்று. நாவலர் சாதியாசாரத்தை உறுதியாகப் பற்றியவர். அது அவர் நூல்களிலேயே இருக்கிறது. எதிரிகள் கட்டிய கதையன்று. அவர் பள்ளி சைவப் பிள்ளைகளுக்கென்று திறந்தபோதும் எல்லாச் சைவப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. கடலை நம்பி வாழும் மக்கள் மிகுந்த நமது கரையோரத்திலே, அந்த வாசலில் நம் முன்னோர் எத்தனை பேர் வரவேற்கப்பட்டிருப்பர் என்று இளைஞர் ஒருவர் கேட்டால், அக்கேள்வியை அதட்டி அடக்குவது முறையன்று. கிராம தேவதை வழிபாட்டையும் பலியையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்பைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ, நாம் அறியோம். புகழ்ந்து எழுதியிருக்கமாட்டார் என்பது மட்டும் திண்ணம். அவர் அடைத்து வைத்த கதவைப் பிற்காலத்தார் திறக்க நெடுங்காலம் சென்றது. 1920களின் இறுதியிலே யாழ்ப்பாணப் பள்ளிகளிற் சமஆசனம் கோரிப் போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. மாவிட்டபுரத்திலே கோயில் நுழைவுப் போராட்டம் 1968இலும் நடந்தது. கதவை அகலத் திறந்த பள்ளிக்கு ஆசிரியரும் ஆதரவாளரும் இன்னும் மிகுதியாகக் கிடைத்திருப்பர். நாவலரைப் போற்றுவோரில் ஒரு சாரார் இதைச் சொன்னாற் கோபிப்பர். அவரிடமிருந்தே, எதிரியிடத்தும் கொள்ளத்தக்கதைக் கொள்ளும் முறையைக் கற்றோம். வேண்டியவரிடத்தும் தள்ளத்தக்கதைத் தள்ளும் முறை அதன் மறுபக்கமே.

1879 மே மாதத்தில் சட்டநிரூபண சபை உறுப்பினர் சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அவ்விடத்துக்கு இளைஞரான பொன்னம்பலம் இராமநாதனே தகுந்தவர் என்று நாவலர் முன்னின்று ஆதரவு திரட்டினார். இராமநாதன் நியமனம் பெற்றார். அவ்வாண்டு ஆடியிலே சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசையன்று வண்ணார்பண்ணையிற் செய்த பிரசங்கமே கடைசிப் பிரசங்கமாயிற்று. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமையில், ஐம்பத்தேழாம் வயது நிறையுமுன்னே அவர் சிவபதம் அடைந்தார்.

பள்ளி மூடப்படவில்லை, அச்சுக்கூடமும் நிற்கவில்லை. சதாசிவப்பிள்ளை முதலிய மாணாக்கர்கள் ஏற்று நடத்தினார்கள். 1888இல் யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியார்கள் கூடிச் சைவபரிபாலன சபையை நிறுவினார்கள். 1889இல் இந்து சாதனம் பத்திரிகை வெளிவந்தது. தனி ஒருவர் சுமந்த பாரத்தை ஒரு சபை சுமக்கத் தொடங்கியது. நாவலரால் நான்கு ஆண்டுக்கு மேல் நடத்த முடியாத ஆங்கிலக் கல்வியை அந்தச் சபை 1890இல் யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரியாக நிலைநிறுத்தியது. அவர் தமது முயற்சியிலே சறுக்கிய இடம் எதுவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு பாடசாலையைப் பொறுப்பேற்று, ஒருவரிடம் அன்றிப் பலரிடம் பொருள் திரட்டி, சபையின் முகாமையிலே அதை நடத்தினார்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் ஏற்றபோது சைவப் பாடசாலைகள் நாடெங்கும் பரந்திருந்தன. 1971இல் தேசிய வீரர் வரிசையில் நாவலர் உருவம் பொறித்த தபால் முத்திரை வெளிவந்தது. சிதம்பரத்துப் பள்ளி இன்றைக்கும் அவர் பெயரோடு நடக்கிறது.

அவர் ஆதரித்த இளைஞர் இராமநாதன், முதுமையிலே, 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் தமது பொருளாலே நிறுவினார். அந்தப் பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலேதான் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. நமது கரையோரத்துப் பிள்ளைகள் சிலரும் அங்கே படித்துப் பட்டம் பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள்.